மெடிக்கலில் வலி மாத்திரைக்கு ஏன் சீட்டு கேட்கிறாங்க? அபினை ஆராய்ந்த டாக்டர் ராம்நாத் சோப்ராவின் கதை

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கல் என்று வைத்துக்கொள்வோம். தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடித்து வரும் ஒரு அக்கா, இடுப்பு வலிக்குப் போன மாதம் வாங்கிய அதே மாத்திரையைக் கேட்கிறார். கையில் காலி அட்டை இருக்கிறது. கடைக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பார்க்கிறார். சிவப்பு நிறத்தில் ஒரு குறியும் எச்சரிக்கை வரியும் தெரிகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் இதைத் தர முடியாதுக்கா என்று சொல்லிவிடுகிறார்.

அக்காவுக்குக் கோபம். வலி எனக்குத்தானே, காசும் என்னுதுதானே, இவருக்கு என்ன?

நியாயமான கேள்விதான். கருப்பட்டி வாங்கவோ கடலை மிட்டாய் வாங்கவோ யாரும் சீட்டு கேட்பதில்லை. மாத்திரைக்கு மட்டும் ஏன்? அந்தக் கடையின் சுவரில் ஏன் ஒரு லைசென்ஸ் மாட்டியிருக்கிறது? படித்த மருந்தாளுநர் ஒருவர் ஏன் இருக்க வேண்டும்? பதிலைத் தேடிப் போனால் ஒரு மனிதரிடம் போய் நிற்போம். அவர்தான் சர் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று மருத்துவ மாணவர்கள் படிக்கும் பெயர். அபின் மனிதனை என்ன செய்கிறது என்று தன் ஆயுளில் பெரும் பகுதியைச் செலவழித்துப் பார்த்தவர்.

அவர் கதையில் ஒரு விசித்திரமும் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

கசகசாவும் அபினும் ஒரே செடி

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கசகசா, அபின் செடியின் விதைதான். விதையில் போதை அநேகமாக இல்லை. குருமாவுக்கு அரைத்துப் போடலாம், பயமில்லை. ஆனால் அந்தச் செடியின் காய் பச்சையாக இருக்கும்போது கீறிவிட்டால் பால் வடியும். அது காய்ந்து கறுத்தால் அபின். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் பெட்டியில் கசகசா கொண்டுபோகக் கூடாது என்று சொல்வது இந்த உறவால்தான்.

அபினுக்குள் இருக்கும் முக்கியமான பொருள் மார்ஃபின். 1800களின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த மருந்து தயாரிப்பாளர் செர்ட்யூர்னர் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அந்த வழியில் பின்னால் வந்தவைதான் ஹெராயின், ஃபென்டனில், டிராமடால் எல்லாம். சில செடியிலிருந்து, சில ஆய்வகத்திலிருந்து. எல்லாவற்றையும் சேர்த்து ஓபியாய்டு என்கிறார்கள்.

இந்த மருந்துகள் வலியைக் குறைக்கும். அதோடு மனசையும் தொடும். பதற்றம் தணியும், கவலை கொஞ்ச நேரம் விலகும். 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பிய டாக்டர்கள் மனச்சோர்வுக்கே அபினை மருந்தாகக் கொடுத்தார்கள். ஆபத்து ஒளிந்திருப்பதும் அங்கேதான். இடுப்பு வலிக்கு என்று ஆரம்பித்த மாத்திரை, மனசு வலிக்கும் பழகிப்போகும்.

யார் இந்த சோப்ரா?

1882 ஆகஸ்ட் 17. இன்று பாகிஸ்தானில் இருக்கும் குஜ்ரான்வாலாவில் ராம்நாத் சோப்ரா பிறந்தார். லாகூர் அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு 1903-ல் இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜில் டவுனிங் கல்லூரி. இயற்கை அறிவியல் படித்து, பிறகு டாக்டர் ஆனார்.

கேம்பிரிட்ஜில் அவருக்கு ஒரு வாத்தியார் கிடைத்தார். வால்டர் டிக்சன். மருந்து உடம்புக்குள் போய் எந்த உறுப்பில் என்ன செய்கிறது என்பதைச் சோதனை செய்து அளக்க வேண்டும் என்ற புதிய துறையில் அவர் பெரிய கை. மருந்தியல் என்று இன்று நாம் சொல்வது அதுதான். அதுவரை இந்தியாவில் மருந்துப் பாடம் என்றால் பெரும்பாலும் பெயரை மனப்பாடம் பண்ணுவது: இந்த மூலிகை, இந்த அளவு, இந்த நோய்க்கு. ஏன் வேலை செய்கிறது என்ற கேள்விக்கு இடம் குறைவு.

1908-ல் இந்திய மருத்துவப் பணியில் சோப்ரா சேர்ந்தார். அது ராணுவத்தோடு ஒட்டிய வேலை. முதல் உலகப்போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பணி. பிறகு ஆப்கன் போர். ஆய்வகத்துக்காகத் தயாரான ஆள் போர்முனையில் பல வருஷங்களைக் கழித்தார்.

1921-ல் திருப்பம் வந்தது. கல்கத்தாவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. மலேரியா, காலாஅசார், காலரா என்று நம் மண்ணின் நோய்களை நம் மண்ணிலேயே ஆராய ஏற்படுத்திய இடம். அதன் மருந்தியல் பேராசிரியராக சோப்ரா பொறுப்பேற்றார். அப்போது வயது 39. இந்தியாவில் சோதனை முறை மருந்தியல் வேரூன்றியது அங்கேதான்.

டின்னவெல்லி இலையும் ஒரு ஆதங்கமும்

நம் கரிசல் பக்கத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. மழையை நம்பிய மானாவாரிக் காடு. பருத்தி, கம்பு, உளுந்து, மிளகாய் விளையும் பூமி. இந்த வறண்ட தென்கோடியில் விளையும் இன்னொரு செடி நிலவாகை. மலச்சிக்கலுக்கு நாட்டு வைத்தியர்கள் கொடுக்கும் அதே இலை. உலகச் சந்தையில் இதற்கு டின்னவெல்லி சென்னா என்று பெயர். அதாவது திருநெல்வேலிச் சென்னா. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறும் சரக்கு.

இந்த மாதிரிச் செடிகளையெல்லாம் தொகுத்து 1933-ல் சோப்ரா ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். இந்திய நாட்டு மருந்துகள் பற்றியது. எந்தச் செடி எங்கே விளைகிறது, அதில் என்ன வேதிப்பொருள் இருக்கிறது, சோதனையில் என்ன தெரிந்தது, வியாபார மதிப்பு என்ன என்று அலசிய புத்தகம். டின்னவெல்லி சென்னாவும் அதில் இருக்கிறது.

அதற்குப் பின்னால் ஒரு ஆதங்கமும் இருந்தது. மூலிகை இங்கிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பலில் போகும். அங்கே மருந்தாக்கி, புட்டியில் அடைத்து, பல மடங்கு விலையில் இங்கேயே திரும்பி வரும். நம்மகிட்ட இருப்பதை நாமே மருந்தாக்க வேண்டும், அதற்கு முன் எது உண்மையிலேயே வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் நிலை. பாட்டி வைத்தியம் எல்லாமே பொய் என்று அவர் ஒதுக்கவில்லை. பழசு என்பதற்காகவே எதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

சர்ப்பகந்தா நல்ல உதாரணம். தூக்கத்துக்கும் மனநோய்க்கும் நாட்டு வைத்தியர்கள் காலகாலமாகக் கொடுத்த வேர் அது. 1930களில் சோப்ராவும் அவர் குழுவும் அதைச் சோதித்து, ரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் உடம்பை அமைதிப்படுத்துவதையும் பதிவு செய்தார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன விஞ்ஞானிகள் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அது உலகம் முழுக்க ரத்த அழுத்த மருந்தானது. ஆனால் அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக டாக்டர்கள் கவனித்தார்கள். விலங்குகளுக்குக் கொடுத்தபோது அவையும் சுருண்டு படுத்தன. மூளையின் ரசாயனத்துக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருக்கிறது என்ற எண்ணம் வலுப்பட இது ஒரு காரணம். மனச்சோர்வு மருந்துகளை எலிகளிடம் சோதிக்கும் வழக்கம் வளர்ந்ததிலும் ரெசர்பினுக்குப் பங்கு உண்டு.

அபின் சாப்பிடுகிறவர்களைத் தேடிப் போனவர்

இப்போ அபினுக்கு வருவோம். சோப்ரா வேலை செய்த காலத்தில் அபின் திருட்டுச் சரக்கு கிடையாது. பிரிட்டிஷ் அரசே பயிர் செய்ய லைசென்ஸ் கொடுத்து, தன் தொழிற்சாலையில் தயாரித்து, ஏலம் எடுத்த கடைகள் வழியாக விற்றது. அரசுக்கு அது வருமானம். அபின் ஒன்றும் கெடுதல் இல்லை, மலேரியாவைத் தடுக்கும், உழைக்கிறவனுக்குத் தெம்பு தரும் என்று சொல்கிறவர்கள் அன்று நிறைய பேர். இன்னொரு பக்கம், அபின் ஒரு நாட்டையே அழித்துவிடும் என்ற பிரசாரம். இரண்டு பக்கமும் சத்தம். கணக்கு மட்டும் குறைவு.

அப்போது சர்வதேச சங்கம் ஒரு அளவுகோல் வைத்தது. ஆண்டுக்கு 10,000 பேருக்கு 6 கிலோ அபின் இருந்தால் மருத்துவத் தேவைக்குப் போதும் என்றது. அதற்கு மேல் போனால் போதைக்குப் போகிறது என்று அர்த்தம். கல்கத்தா உட்பட இந்தியாவின் பல இடங்கள் அந்தக் கோட்டை எங்கேயோ தாண்டியிருந்தன.

சோப்ராவும் அவர் குழுவும் அபின் சாப்பிடுகிறவர்களை நேரில் விசாரிக்க ஆரம்பித்தார்கள். எப்போது ஆரம்பித்தாய், எவ்வளவு சாப்பிடுகிறாய், எதற்காக, உடம்பு எப்படி இருக்கிறது, விட முயன்றாயா? 1928-ல் இந்தியாவில் அபின் பழக்கத்தின் நிலை பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அதற்குப் பிறகும் பல வருஷம் இதே விஷயத்தில் எழுதினார்.

அவர்கள் கண்டது என்ன? போதை ஆசையில் ஆரம்பித்தவர்கள் மட்டும் அங்கே இல்லை. மூட்டு வலி, இருமல், வயிற்றுப்போக்கு என்று மருந்தாகத் தொட்டவர்கள் ஏராளம். டாக்டர் இல்லாத ஊர். இருந்தாலும் காசில்லாத வீடு. கடையில் கிடைப்பது ஒரு உருண்டை அபின். கடும் உழைப்பின் அலுப்பு இன்னொரு காரணம். மனக்கவலை மற்றொன்று. நோய் போன பிறகும் உருண்டை போகவில்லை. விட்டால் உடம்பு முறுக்குகிறது, தூக்கம் போகிறது, மனசு தவிக்கிறது. திரும்பவும் கடை வாசல்தான்.

குழந்தைகள் விஷயம் இன்னும் கொடுமை. பம்பாய் பஞ்சாலைகளில் வேலைக்குப் போன தாய்மார்கள், பிள்ளை அழாமல் தூங்கட்டும் என்று சின்ன அபின் உருண்டை கொடுத்துவிட்டுப் போனார்கள். 1931-ல் வந்த தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன் அறிக்கையிலும் இது பதிவாகியிருக்கிறது. சோப்ராவும் இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதினார். அந்தத் தாய்மார்கள் பொல்லாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஷிஃப்ட் 10 மணி நேரம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

மலேரியா நம்பிக்கையையும் அவர் விடவில்லை. கல்கத்தாவில் சக ஆய்வாளர் நோல்ஸுடன் சேர்ந்து சோதித்துப் பார்த்தார். அபின் மலேரியாவைக் குணப்படுத்தவில்லை. காய்ச்சலின் அவதி தெரியாமல் மரத்துப்போகச் செய்வது வேறு, கிருமியைக் கொல்வது வேறு.

சுண்ணாம்புத் தூளும் குயினின் மாத்திரையும்

அதே காலத்தில் இன்னொரு அக்கிரமம் நடந்துகொண்டிருந்தது. போலி மருந்து. மலேரியாவுக்கு அன்று இருந்த முக்கியமான மருந்து குயினின். அதிலேயே கலப்படம், அளவுக் குறைவு. வெளிநாட்டுத் தரமில்லாத சரக்குகள் இந்தியச் சந்தையில் வந்து குவிந்தன. கேட்க ஒரு சட்டம் இல்லை. யார் வேண்டுமானாலும் மருந்துக்கடை வைக்கலாம், யார் வேண்டுமானாலும் மருந்து கலக்கலாம். சுண்ணாம்புத் தூளை உருட்டி விற்றால்கூடப் பிடிக்க வழியில்லாத நிலை.

1930-ல் அரசு மருந்து விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் சோப்ரா. 1931-ல் அறிக்கை வந்தது. சோப்ரா கமிட்டி அறிக்கை என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். மருந்துக்கு நாடு முழுக்க ஒரே சட்டம் வேண்டும். தரத்தைச் சோதிக்க ஆய்வகம் வேண்டும். மருந்து கொடுப்பவர் அதற்கென்று படித்தவராக இருக்க வேண்டும். சாரம் இதுதான்.

அறிக்கை வந்ததும் எல்லாம் நடந்துவிடவில்லை. 1937-ல் கல்கத்தாவில் மருந்துப் பரிசோதனைக்கூடம் வந்தது. 1940-ல் மருந்துச் சட்டம். 1948-ல் மருந்தாளுநர் தொழிலுக்கான சட்டம். கோவில்பட்டிக் கடையின் சுவரில் தொங்கும் லைசென்ஸ், வந்து போகும் மருந்து ஆய்வாளர், உள்ளே நிற்கும் மருந்தாளுநர் எல்லோருக்கும் வேர் அந்த 1931 அறிக்கையில் இருக்கிறது.

1941-ல் சோப்ராவுக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு கல்கத்தா வேலையிலிருந்து ஓய்வு. ஓய்வு என்று பெயர்தான். நேராக காஷ்மீர் போய் அங்கே மருந்து ஆராய்ச்சிக்கூடத்தைப் பொறுப்பேற்றார். இன்று ஜம்முவில் இருக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. ஆயுர்வேதம், யுனானி போன்ற நாட்டு மருத்துவ முறைகள் பற்றி அரசு அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். நவீன மருத்துவமும் நாட்டு மருத்துவமும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டாமல் இணைய வேண்டும் என்றது 1948-ல் வந்த அந்தக் குழுவின் அறிக்கை.

அபினை அப்போதும் விடவில்லை. 1949-ல் சுதந்திர இந்தியா, மருத்துவம் அல்லாத அபின் பயன்பாட்டைப் படிப்படியாக 10 ஆண்டுகளில் நிறுத்துவது என்று முடிவெடுத்தது. 1950களில் ஐ.நா.வின் போதைப்பொருள் இதழில் சோப்ராவும் ஐ.சி. சோப்ராவும் இந்தியாவின் அபின் பழக்கம் பற்றியும், பழக்கத்திலிருந்து மீட்கும் சிகிச்சை பற்றியும் எழுதினார்கள். 1965-ல் போதை அடிமைத்தனம் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் வந்தது. அப்போது ராம்நாத் சோப்ராவுக்கு 80 வயது தாண்டிவிட்டது.

அவரிடம் இல்லாத ஒரே பதில்

இத்தனை வருஷம் பார்த்தும் ஒரு கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. உலகத்தில் யாரிடமும் இல்லை. மூளைக்குள் அபின் போய் உட்கார்வது எங்கே?

ஒரு சிட்டிகை அபின் ஒரு முழு மனிதனையே மாற்றுகிறது என்றால், அதற்கென்றே மூளையில் ஒரு பூட்டு இருக்க வேண்டும். அபின் அதற்குப் பொருந்தும் சாவியாக இருக்க வேண்டும். விஞ்ஞானிகள் இப்படி ஊகித்தார்கள். கண்ணில் காட்ட முடியவில்லை.

1973 மார்ச். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட் என்ற இளம் ஆய்வாளரும் அவர் பேராசிரியர் சாலமன் ஸ்னைடரும் அந்தப் பூட்டைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். அதே ஆண்டு நியூயார்க்கிலும் ஸ்வீடனிலும் வேறு இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதையே உறுதி செய்தன. அதற்கு ஓபியாய்டு ஏற்பி என்று பெயர்.

1973 ஜூன் 13. ராம்நாத் சோப்ரா காலமானார். வயது 90.

ஆரம்பத்தில் சொன்ன விசித்திரம் இதுதான். வாழ்நாளெல்லாம் சாவியை ஆராய்ந்த மனிதர், பூட்டு கண்டுபிடிக்கப்பட்ட மூன்றே மாதத்தில் போய்விட்டார்.

எலிகள் சொன்ன மீதிக்கதை

பூட்டு கிடைத்ததும் அடுத்த கேள்வி வந்தது. அபின் செடிக்காகவா நம் மூளையில் பூட்டு வைத்திருக்கிறது? இல்லையே. அப்போ உடம்பே தனக்கென்று ஒரு சாவி செய்ய வேண்டும். 1975-ல் ஸ்காட்லாந்தில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்ற இருவர் பன்றி மூளையிலிருந்து அந்தச் சாவியைப் பிரித்தெடுத்தார்கள். என்கெஃபலின் என்று பெயர். பிறகு எண்டார்ஃபின், டைனார்ஃபின் வந்தன. பூட்டும் ஒன்றல்ல என்று தெரிந்தது. மியூ, டெல்டா, கப்பா என்று முக்கியமாக மூன்று.

இதில் மனசுக்கு எது பொறுப்பு? இதைத்தான் எலிகளிடமும் சுண்டெலிகளிடமும் பார்க்கிறார்கள். எலியிடம் போய் கவலையா என்று கேட்க முடியாது. அதனால் நடத்தையை அளக்கிறார்கள். தரையிலிருந்து உயரத்தில் கூட்டல் குறி வடிவில் ஒரு பாதை. இரண்டு பக்கம் சுவர், இரண்டு பக்கம் திறந்தவெளி. பயந்த எலி சுவர் ஓரமாகவே பதுங்கும். பயம் குறைந்தால் திறந்த பக்கம் எட்டிப் பார்க்கும். இன்னொன்று நீச்சல் சோதனை. தண்ணீர்ப் பாத்திரத்தில் விட்டால் எவ்வளவு நேரம் தப்பிக்கப் போராடுகிறது, எப்போது முயற்சியை விட்டு மிதக்கிறது என்று கணக்கிடுவார்கள்.

பல ஆய்வுகளில் தெரிந்தவை சுருக்கமாக:

மியூ: மார்ஃபினும் ஹெராயினும் முக்கியமாக உட்காரும் இடம். வலி நிவாரணம், சுகம், அடிமைத்தனம், அளவு மீறினால் மூச்சு நின்றுபோவது எல்லாம் இதன் வழியாகத்தான்.

டெல்டா: இதைத் தூண்டும் மருந்து கொடுத்தால் எலிகளின் பதற்றமும் சோர்வு போன்ற நடத்தையும் குறைந்தன. ஆனால் அப்படிப்பட்ட சில மருந்துகள் வலிப்பை உண்டாக்கின. அதனால் அந்த வழி சுலபமாகத் திறக்கவில்லை.

கப்பா: இது நேர் எதிர். மன அழுத்தம் வரும்போது உடம்பு சுரக்கும் டைனார்ஃபின் இங்கே உட்காரும். தூண்டினால் எலி சோர்ந்துபோகும். இதை அடைத்துவிட்டால் நீச்சல் சோதனையில் கூடுதல் நேரம் போராடும்.

2000-ல் பிரான்ஸில் பிரிஜிட் கீஃபர் குழுவினர் மரபணு மாற்றிய சுண்டெலிகளை வைத்து ஒரு முக்கியமான ஆய்வு செய்தார்கள். டெல்டா பூட்டு இல்லாமல் பிறந்த சுண்டெலிகளிடம் பயமும் சோர்வும் அதிகம். மியூ பூட்டு இல்லாதவற்றிடம் அவை குறைவு. ஒரே குடும்பத்துப் பூட்டுகள், எதிரெதிர் வேலை.

அந்த ஆய்வுக்குழு 2011-ல் வெளியிட்ட இன்னொரு முடிவுதான் சோப்ராவின் கதையோடு நேராக வந்து சேர்கிறது. சுண்டெலிகளுக்குத் தொடர்ந்து மார்ஃபின் கொடுத்துவிட்டு நிறுத்தினார்கள். உடம்பு உபாதைகள் அடங்கிவிட்டன. ஆனால் நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் அவை மற்ற சுண்டெலிகளோடு சேராமல் ஒதுங்கின. நீச்சல் சோதனையில் சீக்கிரமே கைவிட்டன. மனச்சோர்வுக்கு டாக்டர்கள் கொடுக்கும் ஃப்ளூஆக்ஸிடின் மருந்தைக் கொடுத்தபோது அந்த நிலை வராமல் தடுக்க முடிந்தது.

இதற்கு என்ன அர்த்தம்? அபினை விட்டவர் ஒரு வாரத்தில் தெம்பாக எழுந்து நடக்கலாம். மனசு எழுந்து நடக்க இன்னும் நாளாகும். அந்த இடைவெளியில்தான் பலர் மறுபடி விழுகிறார்கள். திமிர், ஒழுக்கக்கேடு என்று வீட்டில் திட்டுவதில் பலன் இல்லை. மூளை இன்னும் சரியாகவில்லை என்று எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். விட முடியாமல் திரும்பத் திரும்பக் கடைக்குப் போனவர்களைப் பற்றி சோப்ரா குறித்து வைத்ததற்கு எலிகள் தந்த விளக்கம் இது.

எலிக்குச் சரி, மனுஷனுக்கு?

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். எலி நீந்துவதை நிறுத்தினால் அதற்கு மனச்சோர்வு என்று அர்த்தமா? அது சக்தியை மிச்சம் பிடிக்கிறது என்றும் சொல்லலாம். இந்தச் சோதனை மீது விஞ்ஞானிகளுக்குள்ளேயே விமர்சனம் உண்டு. கடன், வரன், மழை பொய்த்த கவலை எல்லாம் எலிக்குக் கிடையாது.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் இதையே காட்டின. புப்ரெனார்ஃபினையும் சமிடார்ஃபனையும் சேர்த்து மனச்சோர்வுக்கு ஒரு மருந்து தயாரித்தார்கள். 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது. கப்பா பூட்டை அடைக்கும் அடிகாப்ரன்ட் என்ற மருந்து மேல் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. எதிர்பார்த்த பலன் இல்லை என்று 2025 மார்ச்சில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் அதன் இறுதிக்கட்டச் சோதனையை மனச்சோர்வுக்காகத் தொடராமல் நிறுத்தியது. எலியிடம் ஜெயித்த மருந்து மனிதரிடம் தோற்பது புதிதல்ல. பாட்டி சொன்னாலும் சரி, கம்பெனி சொன்னாலும் சரி, சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதே என்று சோப்ரா நடந்து காட்டிய வழி இங்கேயும் பொருந்தும்.

திரும்ப கோவில்பட்டி மெடிக்கலுக்கு

இப்போ அந்த அக்காவிடம் வருவோம். டாக்டர் முதலில் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒருவேளை டிராமடால் வகையாக இருக்கலாம். 2018 ஏப்ரலில் டிராமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு கொண்டுவந்தது. அதனால்தான் சிவப்புக் குறி, அதனால்தான் சீட்டு.

அவருக்கு வலி பொய் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் இடுப்பு வலிக்கத்தான் செய்யும். முதல் வாரம் மாத்திரை வலியைப் போக்கும், ராத்திரி தூக்கம் வரும், மனசும் லேசாகும். சில வாரத்தில் அதே அளவு போதாது. ஒரு நாள் போடாவிட்டால் எரிச்சல், படபடப்பு, அழுகை. வலி கூடிவிட்டது என்று அவர் நினைப்பார். மருந்து கேட்பது வலியா மனசா என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. 1920களில் மூட்டு வலிக்கு அபின் உருண்டை வாங்கியவரும் இதே இடத்தில்தான் நின்றார்.

அதற்காக வலி மருந்தே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புற்றுநோய் முற்றியவருக்கு மார்ஃபின் போல ஆறுதல் தருவது வேறெதுவும் கிடையாது. அது கிடைக்காமல் துடிப்பவர்கள் நம் நாட்டில் அதிகம் என்பதால்தான், அத்தியாவசிய வலி மருந்துகள் சுலபமாகக் கிடைக்க 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். டாக்டர் கண்காணிப்பில், சொன்ன அளவில், சொன்ன நாள் வரை என்றால் அது மருந்து.

நினைவில் வைக்க வேண்டியவை நான்கே நான்கு. பழைய அட்டையைக் காட்டி வலி மாத்திரை வாங்காதீங்க. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய மாத்திரையை நீங்க போடாதீங்க. மதுவோடு சேர்த்து எடுக்கவே கூடாது, மூச்சு நின்றுபோகலாம். பல நாள் எடுத்துவிட்டால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்க.

வலிக்குப் போட்ட மாத்திரை மனசுக்குத் தேவைப்படுகிறது என்று தோன்றினால், அதைச் சொல்வதில் வெட்கமே வேண்டாம். மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104. போதைப் பழக்கத்திலிருந்து மீள 14446. மூன்றுக்கும் கட்டணம் இல்லை.

1983-ல் இந்திய தபால் துறை சோப்ராவுக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. அதைப் பார்த்தவர்கள் இன்று அதிகம் இருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த தடவை மெடிக்கலில் சீட்டு இருக்கா என்று கேட்கும்போது கோபப்படாமல் ஒரு நிமிஷம் யோசியுங்க. அந்தக் கேள்வியை நமக்காக முதலில் கேட்டவர்களில் ஒருவர் ராம்நாத் சோப்ரா.